முந்நூறு ரூபாய் பைக்கும் நாலு வருஷப் படிப்பும்

காட்பாடியில விஐடி வளாகத்துக்குள்ள போயிருக்கீங்கன்னா ஜிடிஎன் பிளாக்னு ஒரு கட்டடத்தைப் பார்த்திருப்பீங்க. அந்த மூணு எழுத்து ஜி.டி. நாயுடு, அதாவது கோபால்சாமி துரைசாமி நாயுடு. இந்தியாவின் எடிசன்னு பொது அறிவுப் புத்தகத்துல ஒரு வரி படிச்சிட்டு நாம எல்லாரும் தாண்டிப் போயிருப்போம். அந்த ஒரு வரிக்குப் பின்னாடி ஒரு பழைய பைக் இருக்கு. அதோட சேர்த்து, நம்ம டிகிரியைப் பத்தி ஒரு சங்கடமான கேள்வியும் இருக்கு. அதனாலதான் இந்தக் கட்டுரை.

நாயுடு 1893 மார்ச் 23 அன்னிக்கு கோயம்புத்தூர் பக்கத்துல கலங்கல்ங்கிற ஊர்ல பிறந்தார். விவசாயக் குடும்பம். சின்ன வயசுலயே அம்மா இறந்துட்டாங்க. பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவே இல்லை. ஆரம்பப் படிப்போட நிறுத்திட்டு அப்பாவோட தோட்டத்து வேலையைப் பார்க்கப் போயிட்டார்.

அந்த ஊருக்கு ஒரு நாள் வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருத்தர் மோட்டார் சைக்கிள்ல வந்தார். மாடும் இல்லாம குதிரையும் இல்லாம ஒரு வண்டி தானா ஓடுது! அது ரட்ஜ் கம்பெனி பைக். இங்கிலாந்துல கோவென்ட்ரி நகரத்துல செஞ்சது. நம்மள்ல யாராவது அதைப் பார்த்திருந்தா ஊர் முழுக்கச் சொல்லிட்டு மறந்திருப்போம். நாயுடு என்ன பண்ணார் தெரியுமா? தோட்டத்தை விட்டுட்டு கோயம்புத்தூருக்குப் போய் ஒரு ஹோட்டல்ல சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். வருஷக்கணக்கா காசு சேர்த்தார். 300 ரூபாய் சேர்ந்ததும் அதே அதிகாரிகிட்ட போய் அந்த பைக்கை வாங்கிட்டார்.

வாங்கினவர் அதை ஊர் சுத்துறதுக்கு மட்டும் வெச்சுக்கலை. நட்டு போல்ட்டு முதற்கொண்டு மொத்தத்தையும் கழட்டினார். திரும்ப மாட்டினார். அது எவ்வளவு பெரிய காரியம்னு புரியணும்னா அந்தக் காலத்து பைக்கைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. 1910களோட வண்டிகள்ல பொதுவா பேட்டரி கிடையாது, ஸ்பார்க் மேக்னெட்டோவுல இருந்து வரணும். பல வண்டிகள்ல எஞ்சினுக்கு ஆயில் போகணும்னா ஓட்டுறவரே கைப்பம்பு அடிக்கணும். பின்சக்கரத்துக்கு சக்தி பெல்ட் வழியா போகும். யூடியூப் வீடியோ இல்லை. பக்கத்து ஊர்ல மெக்கானிக் ஷெட்டும் இல்லை. கையில எடுத்த பாகம் எங்க உட்காருது, எதைத் தள்ளுதுன்னு கண்ணால பார்த்துப் பார்த்து தெரிஞ்சுக்கணும். அவரோட முதல் பாடப்புத்தகம் அந்த எஞ்சின்தான்.

அதுக்கப்புறம் எல்லாம் ஏறுமுகம்தான்னு நினைச்சிடாதீங்க. பஞ்சு வியாபாரத்துல இறங்கி நல்லா சம்பாதிச்சார். அந்தப் பணத்தோட பம்பாய் போய் பெரிய வியாபாரிகளோட மோதி எல்லாத்தையும் விட்டுட்டு வந்தார். திரும்ப கைக்கு வந்தது பழைய மோட்டார் வேலைதான். கோயம்புத்தூர்ல தொழில் பண்ணிட்டிருந்த ஸ்டேன்ஸ் துரையோட உதவியில ஒரு பஸ் வாங்கினார். 1920ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல அதை அவரே ஓட்டினார். அந்த ஒத்தை பஸ் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமா யூஎம்எஸ், அப்படிங்கிற பெரிய பஸ் கம்பெனியா வளர்ந்துச்சு.

பஸ் ஓட ஆரம்பிச்சா பழுது பார்க்க பட்டறை வேணும். பட்டறைக்கு பாகம் வேணும். பாகம் வெளிநாட்டுல இருந்து வரணும்னா நாமளே செஞ்சா என்னன்னு தோணும். நாயுடு போன வழி இதுதான். 1937ல டி. பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து உருவாக்கின மின்மோட்டார் இந்தியாவுல தயாரான முதல் மின்மோட்டார்னு பேர் வாங்கிச்சு. கோயம்புத்தூரை இன்னிக்கு மோட்டார் பம்பு ஊர்னு சொல்றோமே, அதோட தொடக்கத்துல இதுவும் ஒண்ணு. ராசன்ட்ங்கிற எலெக்ட்ரிக் ஷேவிங் ரேசர், ரொம்ப மெல்லிசான பிளேடு, பழச்சாறு பிழியற கருவி, மண்ணெண்ணெயில ஓடுற ஃபேன், முறைகேடு பண்ண முடியாத ஓட்டுப்பதிவு இயந்திரம்னு பட்டியல் நீளும். 1936ல லண்டன்ல ஐந்தாம் ஜார்ஜ் மன்னரோட இறுதி ஊர்வலத்தை கேமராவுல படம் பிடிச்சவர்கள்ல இவரும் ஒருத்தர்.

1952ல 2,000 ரூபாய்க்கு ரெண்டு பேர் உட்கார்ற பெட்ரோல் கார் தயார் பண்ணினார். 1951ல வந்த தொழில்கள் சட்டப்படி ஃபேக்டரி நடத்த அரசு லைசென்ஸ் வேணும். லைசென்ஸ் கிடைக்கலை, கார் ரோட்டுக்கு வரலை. செய்யத் தெரிஞ்சா மட்டும் போதாதுங்கிறதுக்கு இதைவிட கசப்பான உதாரணம் தேவையில்லை.

இப்போ நமக்கு வலிக்கிற இடத்துக்கு வருவோம். 1945ல கோயம்புத்தூர்ல ஆர்தர் ஹோப் பேர்ல பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கினாங்க. ஹோப் அப்போ சென்னை மாகாண கவர்னர். நாயுடு கொடுத்த கொடையும் உழைப்பும்தான் அதுக்கு அடிப்படை. முதல் முதல்வரும் அவரேதான். ஆரம்பப் படிப்பைத் தாண்டாத ஒருத்தர் பொறியியல் கல்லூரி முதல்வர்! ஆனா இன்ஜினியரிங் படிப்புக்கு நாலு வருஷம் வீண், ரெண்டு வருஷம் போதும்னு அவர் வாதாடினார். அரசாங்கம் ஒத்துக்கலை. அவர் பதவியை விட்டு விலகிட்டார். அந்தக் கல்லூரிதான் இன்னிக்கு ஜிசிடிங்கிற அரசு தொழில்நுட்பக் கல்லூரி. அது வேற இடத்துக்கு மாறிப் போனாலும், பீளமேட்டுல பஸ் ஸ்டாப்புக்கு இன்னும் ஹோப் காலேஜ்னுதான் பேர்.

நாலாவது வருஷத்துல உட்கார்ந்துகிட்டு இதை எழுதுறேன், அதனால நியாயமா பேசணும்னு பார்க்கிறேன். அவர் சொன்னதை அப்படியே ஏத்துக்க என்னால முடியலை. தெர்மோடைனமிக்ஸ் இல்லாம ஒரு எஞ்சினைப் பழுது பார்க்கலாம், ஆனா அதைவிட நல்ல எஞ்சினை டிசைன் பண்றது கஷ்டம். அவருக்கு நிலம் இருந்த குடும்பம் பின்னாடி இருந்துச்சு. நம்ம ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துல இருந்து வர்ற பலருக்கு டிகிரிதான் முதல் ஏணி. ஆனா அவர் கோபத்துல இருக்கிற உண்மையை மறைக்க முடியாது. ஆம்பூர்ல ஒரு டேனரிக்குள்ள போய்ப் பாருங்க. தோல் சுத்துற பெரிய மர டிரம்மோட பேரிங் போச்சுன்னா, சத்தத்தை வெச்சே கண்டுபிடிக்கிற ஃபிட்டர் அண்ணன் ஒருத்தர் இருப்பார். நமக்கு பேரிங்கோட ஆயுளைக் கணக்கு போடத் தெரியும். கையில எடுத்து சுத்திப் பார்த்திருக்கோமா?

அதனால ஒரு யோசனை. உங்க வீட்டுலயோ சொந்தக்காரங்க வீட்டுலயோ தாத்தா காலத்து ஸ்கூட்டர் தூசி படிஞ்சு நிக்குதா? லாம்பிரெட்டாவோ, விஜய் சூப்பரோ, பழைய பஜாஜோ எதுவா இருந்தாலும் சரி, அது பிறப்பால இத்தாலி வண்டிதான். பஜாஜ் ஸ்கூட்டர் வெஸ்பா வழி வந்தது. லாம்பிரெட்டாவைச் செஞ்ச இன்னொசென்டி கம்பெனியோட தொழிற்சாலை இயந்திரங்களையே 1972ல இந்திய அரசு வாங்கி லக்னோவுக்குக் கொண்டு வந்துச்சு. இவை எல்லாம் டூ ஸ்ட்ரோக். வால்வு கிடையாது, பாகங்கள் கம்மி. கத்துக்க இதைவிட நல்ல எஞ்சின் கிடைக்காது.

காத்தோட்டமான இடத்துல நிறுத்துங்க, பெட்ரோல் டேப்பை மூடுங்க. ஒவ்வொண்ணையும் கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க. கழட்டின வரிசையிலேயே ஒரு துணி மேல வையுங்க. கார்புரேட்டர் ஜெட்டை காத்து அடிச்சு சுத்தம் பண்ணுங்க. கம்பி விட்டா ஓட்டை பெருசாகி பெட்ரோல் அளவே மாறிடும். ஃபிளைவீலைச் சுத்தியலால அடிக்காதீங்க, அதுக்குன்னு புல்லர் இருக்கு. பாயின்ட் கேப்பை ஃபீலர் கேஜ் வெச்சுப் பாருங்க. சைலன்சர்லயும் எக்ஸாஸ்ட் போர்ட்லயும் கரி படிஞ்சிருக்கும், அதைச் சுரண்டி எடுங்க. மாட்டும்போது கேஸ்கெட் புதுசா போடுங்க. தெரியலைன்னா பக்கத்து ஷெட் மெக்கானிக் அண்ணன்கிட்ட கேளுங்க, சந்தோஷமா சொல்லித் தருவாங்க.

நாயுடு 1974 ஜனவரி 4 அன்னிக்கு இறந்தார். கோயம்புத்தூர் அவினாசி ரோட்டுல அவர் பேர்ல ஒரு கண்காட்சியும், பக்கத்துலயே ஜீடி கார் மியூசியமும் இருக்கு. ஐவிக்கு எங்க போகலாம்னு அடுத்த தடவை கிளாஸ்ல கேட்டா, இதைச் சொல்லிப் பாருங்க. அதுக்கு முன்னாடி இந்த செம் லீவுல ஒரு கார்புரேட்டரையாவது கழட்டி மாட்டிட்டு வாங்க, ஜூனியர்ஸ்!