நல்ல பிள்ளைகளின் தந்தை

1827ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் நாள். வட இத்தாலியின் தூரின் நகரில் கர்ப்பிணியான ஒரு பிரெஞ்சுப் பயணி நோயுற்றுத் தவித்தாள். கர்ப்பிணி என்று பொது மருத்துவமனை ஏற்கவில்லை. நோயாளி என்று பிரசவ விடுதியும் ஏற்கவில்லை. அவளுக்கு இறுதி அருட்சாதனங்களை வழங்கியவர் சூசை பெனடிக்ற் கொத்தொலெங்கோ அடிகளார்.

1786இல் பிரா என்னும் ஊரில் பிறந்து, 1811இல் குருவான இவர், அந்த மரணத்தை மறக்கவில்லை. 1828 தை மாதத்தில் சில கட்டில்களோடு ஒரு சிறு மருத்துவ விடுதியைத் திறந்தார். 1831இல் கொலரா அச்சத்தால் அது மூடப்பட்டது. மனந்தளராது, 1832இல் வால்தொக்கோவில் தேவபராமரிப்பின் சிறிய இல்லத்தைத் தொடங்கினார்.

வேறெங்கும் இடமற்றோரே அங்கு முதல்வர்கள். வலிப்பு நோயாளர், வாய்பேசாதோர், மனவளர்ச்சி குன்றியோர், அநாதைகள் எனப் பலரும் வந்தனர். எல்லோரையும் ஒரே மண்டபத்தில் அடைத்து வைக்காமல், குடும்பங்களாக வகுத்து, இயன்றவர்க்கு இயன்ற வேலையும் கொடுத்தார். மனவளர்ச்சி குன்றியோருக்கு அக்காலம் சூட்டிய இழிபெயரை நீக்கி, நல்ல பிள்ளைகள் என்று அழைத்தார்.

1842 ஏப்ரல் 30இல் கியேரி நகரில் காய்ச்சலால் இறந்தார். 1934இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

அன்பர்களே, ஓர் இல்லத்தின் தரத்தைக் கட்டிடத்தாலும் கட்டில் எண்ணிக்கையாலும் அளக்கிறோம். அங்கு வாழ்வோர் எப்பெயரால் அழைக்கப்படுகின்றனர், அவர்கள் கைகளுக்கு வேலை உண்டா, அருகில் உறவென்று ஒருவர் உண்டா? அடுத்தமுறை அன்னதானப் பொதியோடு செல்லும்போது இவற்றையும் கேட்போம்.