சர் சி. வி. ராமனும் ஒளித்தகடும்

கல்வியைப் பயன் கருதியே கற்றல் வேண்டும் என்பர் ஒரு சாரார். அறிவே அதன் பயன் என்பர் மற்றொரு சாரார். ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் பயிலும் நமக்கு இது வெறும் சொற்போர் அன்று. எங்கு நோக்கினும் தொழிற்சாலைகள் சூழ்ந்திருத்தலின், இப்பாடம் எத்தொழிலுக்கு உதவும் என்னும் வினா நம் உள்ளத்தே ஓயாது எழுகின்றது. இதற்கு விடை காண விழைவோர், நமது எல்லைக்கு அப்பால் உள்ள பெங்களூரில் தமது பிற்காலத்தைக் கழித்த சர் சந்திரசேகர வேங்கட ராமன் அவர்களின் வரலாற்றை நோக்குதல் நலம்.

அன்னார் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தையார் விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராக அமர்ந்தமையால், இளமைக் கல்வி அந்நகரில் நிகழ்ந்தது. பின்னர்ச் சென்னை மாகாணக் கல்லூரியிற் சேர்ந்து, 1904-இல் பி.ஏ. தேர்வில் முதன்மை எய்தித் தங்கப் பதக்கம் பெற்றார். மாணாக்கராயிருந்தபோதே, செவ்வகத் துவாரத்தைக் கடந்த ஒளி பட்டை பட்டையாய்ப் பரவுதலை ஆராய்ந்து எழுதினார். அக்கட்டுரை 1906-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது.

1907-இல் சர்க்காரின் நிதித்துறையில் உயர்ந்த உத்தியோகம் கிட்டியது. கல்கத்தாவில் பகலெல்லாம் கணக்கு நோக்கியவர், காலையும் மாலையும் பௌபஜார்த் தெருவிலிருந்த விஞ்ஞானக் கழகத்தில் சோதனைகள் நிகழ்த்தினார். 1917-இல் அப்பதவியைத் துறந்து, ஊதியம் குறைந்த பேராசிரியர் பணியை ஏற்றார். 1928-இல் அவர் கண்ட ஒளிச்சிதறல் உண்மை, 1930-இல் அவருக்கு நோபெல் பரிசை ஈட்டியது.

1933-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநரானார். நிருவாகப் பூசல்களால் 1937-இல் அப்பதவியினின்று விலகினாரேனும், பேராசிரியராய் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். இங்கு 1935, 1936-ஆம் ஆண்டுகளில் நாகேந்திர நாத் என்னும் இளைஞருடன் அவர் வகுத்த கணிதக் கொள்கையே நாம் சிறப்பாகக் கருதத்தக்கது. செவிக்கு எட்டாத நுண்ணொலி ஒரு தெளிந்த பொருளினூடே செல்லுங்கால், அப்பொருள் வரிவரியாய் நெருங்கியும் விலகியும் நிற்கும். அவ்வரிகளைக் கடக்கும் ஒளி பல திசைகளிற் பிரிந்து செல்லும். இதனை மேனாட்டார் 1932-இல் கண்டனர். ஒவ்வொரு திசையிலும் எவ்வளவு ஒளி செல்லும் என்பதை இவ்விருவரும் கணித்துக் காட்டினர். அந்நாளில் இக்கணக்கை நாடி எத்தொழிற்சாலையும் காத்திருக்கவில்லை.

1982-இல் குறுந்தகடு விற்பனைக்கு வந்தது. அதன் குறுக்களவு 12 சென்டிமீட்டர். உள்ளிருந்து வெளிநோக்கிச் சுருளும் தடத்தில் எண்ணற்ற நுண்குழிகள் உள; தடங்களின் இடைவெளி 1.6 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் அறுநூறுக்கு மேற்பட்ட தடங்கள். லேசர்க் கிரணம் படும்பொழுது, குழியினின்று மீளும் ஒளியலையும் அதன் சுற்றுப்புறத்தினின்று மீளும் அலையும் ஒன்றையொன்று எதிர்த்து மங்குகின்றன. ஒளி மாறும் இடங்களைக் கணினி ஒன்று எனவும், மாறாத இடங்களைச் சுன்னம் எனவும் கொண்டு இசையையோ எழுத்தையோ மீட்கின்றது. காந்தத்தட்டில் காந்தத்தின் திசையும், கைக்கு அடக்கமான நினைவுப் பொறிகளில் மின்னூட்டமும் இதே தொழிலைச் செய்கின்றன.

இனி, மூலத்தகட்டில் அந்நுண்குழிகளைப் பதிப்பது எங்ஙனம்? ஒளியுணரும் பூச்சிட்ட கண்ணாடியின்மீது லேசர்க் கிரணத்தை நொடிக்குப் பல லட்சம் முறை விட்டு விட்டுச் செலுத்தல் வேண்டும். எந்த மூடியும் அத்துணை விரைந்து திறந்து மூடாது. ஆதலின், பதிக்கும் பொறிகள் பலவற்றில் ஒரு பளிங்கினூடே நுண்ணொலியை எழுப்புவர். ஒலி எழுந்தால் கிரணம் விலகும். நின்றால் நேரே செல்லும். ஒலியால் ஒளியை ஆளும் இக்கலைக்கு அடிப்படையான கொள்கைகளுள் ராமன், நாத் இருவரின் கணிதமும் ஒன்று. தகட்டை ராமன் கண்டுபிடித்தாரல்லர். 1970 நவம்பர் 21-இல் மறைந்த அவர், அது கடைக்கு வந்ததைக் கண்டாருமல்லர்.

இன்று குறுந்தகட்டின் வழக்கு அருகிவிட்டது. எனினும், உலோகத்தின்மீது எழுத்துப் பொறிக்கும் லேசர் இயந்திரங்கள் பலவற்றில் அவ்வொலித் திறவுகோல் இன்றும் தொழில் புரிகின்றது. நம் மாணாக்கருள் ஒருவர் நாளை தொழிற்சாலையில் அத்தகைய இயந்திரத்தின் முன் நிற்கலாம். தகடு வரும், போகும். ஒளியின் இயல்பை அறிந்த அறிவு நிற்கும். ஆகவே அன்பர்காள், தேர்வுக்கும் பணிக்கும் வேண்டுவனவற்றைக் கருத்துடன் கற்போமாக. அதனோடு, உடனே பயன் தோன்றாத ஒன்றையேனும் உண்மையறியும் ஆவலால் மட்டும் கற்போமாக.