சிறைக்கு அஞ்சாத சின்னப் பெண்

தில்லையாடி வள்ளியம்மை என்ற பெயரை நம்மில் பலர் தமிழ்ப் பள்ளியிலேயே கேட்டிருப்போம். ஆனால், அந்தப் பெண் எதற்காக ஜெயிலுக்குப் போனார் என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்போம். அது கூலிக்காரர்களின் கதை. ஆகவே நாம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

1860 முதல் நம் ஜனங்களைக் கப்பலேற்றி, தென்னாப்பிரிக்காவில் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். ஒப்பந்தம் ஐந்து வருஷம். முதல் வருஷச் சம்பளம் மாதம் 10 சிலிங். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் அங்கேயே பிழைக்க நினைப்பவர்கள் வருஷத்துக்கு 3 பவுன் தலைவரி கட்ட வேண்டும் என்று 1895இல் சட்டம் வந்தது. 3 பவுன் என்றால் 60 சிலிங். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆறு மாதச் சம்பளம்! வெள்ளைக்காரனுக்கு இந்த வரி கிடையாது. மறுபடியும் கூலியாகக் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் ஊரைப் பார்த்துப் போ என்பதுதான் அதன் உள்நோக்கம்.

அது போதாதென்று 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் சட்டப்படி செல்லாதாம்! தாலி கட்டிக் குடும்பம் நடத்திய பெண்களுக்கு மனைவி என்ற உரிமையே இல்லாமல் போனது. அடுப்படியில் இருந்த பெண்கள் கொதித்தெழுந்தார்கள்.

வள்ளியம்மை 1898இல் ஜொகானஸ்பர்க் நகரில் பிறந்தவர். தகப்பனார் முனுசாமி முதலியார். பூர்வீகம் தரங்கம்பாடி பக்கத்துத் தில்லையாடி. தலைவரியோ நேட்டாலில் இருந்த முன்னாள் ஒப்பந்தக் கூலிகள் மேல் விழுந்தது. ஜொகானஸ்பர்க்கில் இருந்த இந்தப் பெண் நமக்கென்ன என்று வீட்டிலேயே இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

அந்த அக்டோபரில் ஜொகானஸ்பர்க் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் சிலர், பெர்மிட் இல்லாமல் எல்லை தாண்டி நியூகாசல் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய் வரியின் கொடுமையை எடுத்துச் சொன்னார்கள். சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். பிறகு கரும்புத் தோட்டங்களிலும் கத்தி கீழே விழுந்தது. நவம்பர் 6ஆம் தேதி காந்தியடிகளோடு 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 பிள்ளைகளும் எல்லையை நோக்கி நடந்தார்கள்.

டிசம்பரில் வள்ளியம்மையும் தாயாரும் கைதானார்கள். மூன்று மாதம் கடுங்காவல். மாரிட்ஸ்பர்க் சிறையில் சாப்பாடு மோசம். பெண்களுக்குத் துணி வெளுக்கும் வேலை. 1914 ஜனவரியில் விடுதலையானபோது வள்ளியம்மை கடும் காய்ச்சலில் எலும்பும் தோலுமாக இருந்தார். பார்க்க வந்த காந்தியடிகள், சிறைக்குப் போனதற்கு வருத்தமுண்டா என்று கேட்டார். வருத்தமில்லை, இப்போது பிடித்தாலும் போகத் தயார் என்றே பதில் வந்தது. பிப்ரவரி 22ஆம் தேதி அந்த உயிர் பிரிந்தது. வயது 16.

அதே வருஷம் தலைவரி ஒழிந்தது. நம் கல்யாணமும் செல்லும் என்று சட்டம் ஆனது. நிறவெறி ஆட்சி ஒழிய 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தாலும், முதல் பூட்டு உடைந்தது அன்றுதான். அதை வள்ளியம்மை கண்ணால் பார்க்கவில்லை.

காந்தியடிகள் பெரிய தலைவர்தான், மறுக்கவில்லை. ஆனால் கத்தியைக் கீழே போட்ட கூலிக்காரனும், துணி வெளுத்த பெண்களும் இல்லாமல் எந்தத் தலைவர் எந்த வரியை ஒழித்திருப்பார்? சங்கக் கூட்டத்துக்குப் பொம்பளைப் பிள்ளைகள் எதற்கு என்று இன்னும் கேட்கிறவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு மகளையும் கூட்டி வாருங்கள்.