கானகம் காத்த மருத்துவர் கிளெக்ஹார்ன்

விடுமுறை நாட்களில் லால்பாக் தோட்டத்தில் உலவி மகிழும் அன்பர்கள் நம் சங்கத்தில் பலர் உளர். ஐதர் அலி 1760ஆம் ஆண்டில் தொடங்கிய தோட்டம் அது என்பதை யாவரும் அறிவோம். 1856இல் அது அரசினர் தாவரவியல் தோட்டமாக மாறுவதற்குக் காரணமாயிருந்தவர் சென்னையிலே பிறந்த ஓர் ஆங்கில அரசு மருத்துவர் என்பதை அறிந்தவர் சிலரே. அவரே டாக்டர் ஹியூ கிளெக்ஹார்ன். இரயில்வேயில் எழுத்தராக ஊதியம் பெறும் அடியேன் அவர் வரலாற்றை எழுதப் புகுந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அது போகப் போக விளங்கும்.

1820 ஆகஸ்டு 9ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சென்னை உச்ச நீதிமன்றத்தில் பதிவாளர். பாட்டனாரோ, இலங்கை டச்சுக்காரர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியதில் பெரும்பங்கு கொண்டவர். நான்கு வயதிலேயே குழந்தை ஸ்காட்லாந்துக்கு அனுப்பப்பட்டது. எடின்பரோவில் மருத்துவம் தேர்ந்து, 1842இல் கும்பினியாரின் மருத்துவராக மீண்டும் பிறந்த ஊருக்கே வந்து சேர்ந்தார்.

சில ஆண்டுகளில் ஷிமோகாவுக்கு மாற்றலாயிற்று. அக்காலத்தில் மைசூர் சீமையைக் கமிஷனர் மார்க் கப்பன் ஆண்டுவந்தார். துங்கையும் பத்திரையும் பாயும் அந்த மலைநாட்டில், நாளொன்றுக்கு ஒரு செடியை ஆராய்வது என்று கிளெக்ஹார்ன் விரதம்போல் மேற்கொண்டார். நம் நாட்டு ஓவியரைக் கொண்டு அவற்றை வரைவித்தார். அங்கேதான் குமரி வேளாண்மையையும் கண்டார். மலைச்சரிவில் மரங்களை வெட்டிச் சாய்த்து, உலர்ந்தபின் தீயிட்டு, சாம்பலில் கேழ்வரகு விதைத்து, ஓரிரண்டு விளைச்சல் கண்டபின் வேறிடம் பெயர்வது அதன் முறை. நம் வள்ளியம்மை காவலிருந்த தினைப்புனமும் இத்தகையதே அன்றோ? மருத்துவரின் கண்ணுக்கோ தேக்கும் சந்தனமும் கரியாவதே தெரிந்தது. குமரியைத் தடுக்க வேண்டுமென்று அன்று தொடங்கிய வாதத்தை அவர் கடைசிவரை கைவிடவில்லை.

உடல்நலங் குன்றித் தாய்நாடு சென்றிருந்தபோதும் காட்டை மறந்தாரில்லை. வெப்ப நாடுகளில் காடழிந்தால் மழையும் ஊற்றும் என்னாகும் என்பதை ஆராய 1850இல் பிரிட்டிஷ் அறிவியல் சங்கம் அமைத்த குழுவில் இருந்து, மறு ஆண்டே அறிக்கை தந்தார். 1852இல் திரும்பிச் சென்னை மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியரானார். லால்பாக்குக்கு அவர் யோசனை கூறியது இதன் பின்னரே. 1856 டிசம்பர் 19ஆம் நாள் சென்னை மாகாணத்து வனப் பாதுகாவலராக அமர்த்தப்பட்டார்.

அந்த ஆண்டைக் கவனியுங்கள். 1856 ஜூலை முதல் நாளன்றுதான் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னாட்டின் முதல் பயணிகள் இரயில் ஓடிற்று. தண்டவாளம் கிடக்கச் சிலீப்பர் கட்டை வேண்டும். எஞ்சின் எரிய விறகு வேண்டும். வெயிலிலும் மழையிலும் கட்டை உளுத்துப்போகும். மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சென்னை மாகாணத்துக்கு மட்டும் ஆண்டுதோறும் 2,50,000 சிலீப்பர்கள், அதாவது 35,000 மரங்கள் வேண்டுமென்று அவர் 1861இல் வெளியிட்ட நூல் கணக்குக் காட்டுகிறது. ஒரு மரத்துக்கு ஏழு கட்டை என்று வைத்துக்கொள்ளலாம். நம்மிற் பலரைப் பெங்களூருக்குக் கொண்டுவந்து சேர்த்த ஜோலார்ப்பேட்டைப் பாதை 1864இல் திறக்கப்பட்டது. அதன் அடியிலும் எத்தனையோ மரங்கள் கிடந்திருக்கும். இன்று கான்கிரீட் சிலீப்பர் வந்துவிட்டது; ஆயினும் என் உத்தியோகத்தின் வேர் அந்தக் காடுகளில்தான் இருக்கிறது.

ஆனைமலைத் தேக்கைப் பம்பாய்க் கப்பல் கட்டுந் துறைக்காக யானைகள் இழுத்துக்கொண்டிருந்தன. கிளெக்ஹார்ன் 1858இல் அம்மலையின் உச்சிப் பகுதிகளுக்கே ஏறிச் சென்று பார்த்தார். கண்டபடி வெட்டும் ஒப்பந்தக்காரரை அடக்குவது, இளமரங்களைக் காப்பது, புதியன நடுவது இவையே அவர் ஓயாது செய்த வேலை. இதில் அவருக்கு நாம் கடமைப்பட்டவர்களே.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. 1860இல் சென்னை அரசாங்கம், தனி அனுமதியின்றி அரசு வனங்களில் குமரி செய்யலாகாது என்று ஆணை பிறப்பித்தது. தலைமுறை தலைமுறையாக விதைத்து உண்டவன் ஒரே ஆணையால் குற்றவாளியானான். வயிற்றுப்பாட்டுக்கு வன இலாகாவின் கூலியாள் ஆனவரும் உண்டு. நீண்டகாலம் தரிசாக விட்டால் குமரி நிலத்தில் காடு மீண்டும் தழைக்கும் என்று பிற்காலத்து ஆராய்ச்சியாளர் பலர் கூறுகின்றனர். இரயிலுக்கு வேண்டிய 35,000 மரங்களுக்குக் கணக்கு எழுதிய கை, மலையில் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய கேழ்வரகுக்கும் கணக்கு எழுதியிருக்கலாம். இரயிலின் பசியை அவர் அறியாதவரல்லர், அறிந்தே அளந்தவர். ஆனால் இரயிலை நிறுத்தும் அதிகாரம் அவருக்கில்லை. குமரியை நிறுத்தும் அதிகாரம் இருந்தது.

பின்னர்ப் பஞ்சாபுக்கு அனுப்பப்பட்டார். சட்லெஜ், ராவி, செனாப் ஆறுகளின் மேற்பள்ளத்தாக்குகளில் தேவதாரு மரங்களை வெட்டி, வெள்ளத்தில் மிதக்கவிட்டுச் சமவெளிக்குக் கொண்டுவரும் தொழில் நடந்தது. அவ்வனங்களைச் சுற்றிப் பார்த்து எழுதிய நூல் 1864இல் வெளிவந்தது. அங்கும் மரத்தை எதிர்நோக்கி நின்றது இரயில்பாதையே.

ஓய்வுபெற்று ஸ்காட்லாந்தில் மூதாதையர் ஊரான ஸ்ட்ராவிதியில் வாழ்ந்து, 1895 மே 16ஆம் நாள் காலமானார். அவர் வரைவித்த செடி கொடிகளின் படங்கள் எடின்பரோ அரச தாவரவியல் தோட்டத்தில் பேணப்படுகின்றன. வரைந்தவர்களில் ஒருவர் பெயர் கோவிந்து.