டாக்டர் சோமர்வெல்

எங்க ஒடுகத்தூர்ப் பக்கம் யாராவது ரத்தவாந்தி எடுத்தால் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவாங்க. அங்கே 1949 முதல் 1961 வரை அறுவை சிகிச்சை கற்பித்த டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல்லைப் பற்றி இம்மலரில் எழுத எனக்கு வெகுநாள் ஆசை.

1890-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போனவர், பிறகு ஊர் சுற்றி வருகையில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக் கூட்டத்தைக் கண்டார். லண்டன் வேலையை உதறிவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். 1924-இல் மறுபடி ஏறி, ஏறத்தாழ 28,000 அடி தொட்டார். அதைவிட நெய்யூர்தான் எனக்குப் பெரிசு.

அங்கே அவரிடம் ஏராளமாக வந்தது முன்சிறுகுடல் புண். புண் ஆழமாகிப் பின்னாலுள்ள ரத்தக்குழாயை அரித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அந்தக் காலத்தில் புண் முற்றினால் கத்திதான் வழி. இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்துத் தைப்பார்கள். பெரும்பாலும் காரணம் ஒரு கிருமி என்பதற்கு மார்ஷலும் வாரனும் வழி திறந்தது 1982-இல். சோமர்வெல் 1975-லேயே காலமாகிவிட்டார்.

இப்போ எண்டோஸ்கோப்பி குழாயை விட்டு, கசியும் இடத்தில் ஊசி போட்டு, கிளிப் மாட்டி நிறுத்திடறாங்க, கிருமிக்கு மாத்திரை. ஆனாலும் மூட்டுவலி மாத்திரையைக் கடையில் வாங்கித் தின்று, மலம் தார் மாதிரி கறுத்ததும் சூடு என்று மோர் குடிக்கிறவர்கள் எங்க ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.