அணுவாற்றலும் அறிஞர் பாபாவும்

தருமபுரி மாவட்டத்து அரூரில் அந்திப்பொழுதில் மின்விளக்கின்கீழ் அமர்ந்து பாடம் பயிலும் மாணவன், அவ்வொளி எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்ப்பது அரிது. மேட்டூரில் வீழும் காவிரி நீரும், நெய்வேலியில் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரியும், கடற்கரைக் கல்பாக்கத்தில் பிளக்கப்படும் அணுவும் தரும் மின்னாற்றல், கம்பிகளின் வழியே ஒன்றாய்க் கலந்து ஊர்தோறும் பரவுகின்றது. இவற்றுள் இறுதியில் கூறிய அணுவாற்றலை நம் நாட்டிற்கு உரியதாக்க அயராது உழைத்தவர் அறிஞர் ஓமி ஜஹாங்கீர் பாபா ஆவார்.

பாபா 1909ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30ஆம் நாள் பம்பாய் நகரில், செல்வம் மிக்க பார்சிக் குடியில் தோன்றினார். தந்தையார் வழக்கறிஞர், அத்தையார் டாட்டா குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். மைந்தன் பொறியியல் கற்று டாட்டா இரும்பாலையில் பணிபுரிதல் வேண்டும் என்பது பெற்றோர் விருப்பம். அதற்காகவே 1927இல் அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினர். ஆயின் அவர் உள்ளம் இயற்பியலையே நாடிற்று. பொறியியலில் முதல் வகுப்பில் தேறினால் விரும்பியதைக் கற்கலாம் எனத் தந்தையார் இசைந்தார். 1930இல் பாபா அவ்வாறே தேறிக் காட்டினார். பின்னர், விண்ணிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் காற்று மண்டலத்துள் புகுந்து துகள்மழையாகப் பெருகும் வகையை, ஹைட்லர் என்னும் அறிஞருடன் சேர்ந்து 1937இல் விளக்கிப் புகழ் பெற்றார்.

1939இல் விடுமுறைக்காகத் தாயகம் வந்தபோது இரண்டாம் உலகப்போர் மூண்டது. கடல் கடந்து மீள இயலாத பாபா, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில், சர். சி. வி. இராமன் அவர்கள் விளங்கிய இயற்பியல் துறையில் பணியேற்றார். தாய்நாட்டில் தங்கி உயர்ந்த ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவுதலே தம் கடமை எனத் தெளிந்தார். 1944இல் டாட்டா அறநிலையத்தாருக்கு அவர் விடுத்த வேண்டுகோளின் பயனாக, 1945இல் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் தோன்றியது. இரோசிமாவில் அணுகுண்டு வீழ்வதற்கு ஓராண்டுக்கு முன்னரே, அணுவினின்று மின்சாரம் எடுக்கும் காலம் வருமென்றும், அந்நாளில் நம் நாடு வல்லுநர்க்காகப் பிறரை நாடுதல் ஆகாதென்றும் அவர் கருதியது வியப்புக்குரியது.

நாடு விடுதலை பெற்றபின், 1948இல் அணுவாற்றல் சட்டம் இயற்றப்பட்டது. தலைமையமைச்சர் நேரு அமைத்த அணுவாற்றல் ஆணையத்திற்குப் பாபா தலைவரானார். வத்திராயிருப்பில் பிறந்த தமிழறிஞர் கே. எஸ். கிருஷ்ணன் அதன் உறுப்பினருள் ஒருவர். அச்சட்டம் பணிகளை மறைவாக வைக்கும் உரிமையை அரசுக்கு அளித்தது. அத்துணை மறைவு எதற்கு என்று அரசியல் நிருணய சபையிலேயே மைசூரைச் சேர்ந்த கிருஷ்ணமூர்த்திராவ் வினவினார். பல்கலைக்கழகங்களையே முதலில் வளர்த்தல் வேண்டும் என்று வங்கத்து அறிஞர் மேகநாத சாகா வாதிட்டார்.

1954இல் பாபா மூன்று படிகள் கொண்ட திட்டம் ஒன்றை வகுத்தார். முதற்படியில் யுரேனியத்தைக் கொண்டு மின்சாரம் எடுத்தல். அதில் விளையும் புளுட்டோனியத்தை, தான் உண்பதினும் மிகுதியான எரிபொருளை ஆக்கித்தரும் ஈனுலையில் இடுதல் இரண்டாம் படி. கேரளக் கடற்கரையிலும் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் மணலோடு மணலாய்க் கிடக்கும் தோரியத்தைப் பயன்கொள்ளுதல் மூன்றாம் படி. 1955இல் ஜெனீவாவில் கூடிய உலகப் பேரவைக்கு அவரே தலைமை தாங்கினார். 1956இல் டிராம்பேயில் அப்சரா என்னும் அணு உலை இயங்கத் தொடங்கியது.

அணுமின்சாரம் மலிவா என்பது அக்காலத்தே எழுந்த பெருவழக்கு. கடன் வாங்கி ஆழ்கிணறு தோண்டும் உழவனுக்குத் தொடக்கச் செலவு பெரிது. பின்னர் நீர் எடுக்கும் செலவு சிறிது. அணுமின் நிலையமும் அத்தகையது. நிலக்கரி நிலையம் கட்ட எளிது. ஆயின் நாள்தோறும் கரி வாங்குதல் வேண்டும். வங்கத்திலும் பீகாரிலும் வெட்டும் கரியை நெடுந்தொலைவு சுமந்து வரும் கூலியைக் கணக்கிடின், மேற்கிலும் தெற்கிலும் அணுவே ஏற்றது என்றார் பாபா. முதல் குறைந்த ஏழை நாடு அப்பணத்தைக் கரி நிலையங்களில் இட்டால் மிகுந்த மின்சாரம் பெறலாம் என்று, 1958இல் லிட்டில் என்னும் ஆங்கிலப் பொருளியலறிஞர் மறுத்தெழுதினார்.

தாராப்பூரில் நிலையம் அமைக்க 1963இல் அமெரிக்காவுடன் உடன்பாடு ஏற்பட்டது. 1969இல் அது மின்சாரம் வழங்கியதைக் காணப் பாபா இல்லை. 1966ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் ஜெனீவா செல்லும் வழியில் ஆல்ப்ஸ் மலையில் வானூர்தி மோதி, தம் 56ஆம் வயதில் அவர் மறைந்தார். டிராம்பே ஆய்வு மையம் 1967 முதல் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது.

1974இல் இந்தியா அணுவெடிப்புச் சோதனை நிகழ்த்தியதும், கனடா தன் உதவியை நிறுத்திற்று. தாராப்பூருக்கு வரும் அமெரிக்க எரிபொருளுக்கும் இடையூறு நேர்ந்தது. பிறர் கையை நம்புதலின் தீங்கு அப்போது புலனாயிற்று. பாபா பயிற்றிய வழிவந்த பொறியாளர்கள் தம் முயற்சியாலேயே கல்பாக்கம் நிலையத்தை முடித்தனர். அது 1984இல் மின்சாரம் வழங்கலாயிற்று.

எனினும் பாபாவின் கணக்கு முழுதும் பலிக்கவில்லை. 1980க்குள் 8,000 மெகாவாட் திறன் எய்தலாம் என்று அவர் மதிப்பிட்டார். நாடு அவ்வளவை எய்தியது 2024இல்தான். நாட்டின் மின்சாரத்தில் அணுவின் பங்கு நூற்றுக்கு மூன்று அளவினதே. கட்டுமானம் நீளுந்தோறும் வட்டி ஏறிச் செலவு பெருகியது. 2011இல் சப்பானில் புகுசிமா விபத்து நிகழ்ந்தபின், கூடங்குளத்தை அடுத்த கடற்கரை மக்கள் தம் உயிர்க்கும் தொழிற்கும் காப்பு யாது என வினவிப் போராடினர்.

பிறர் கையை எதிர்பாராது நாடு நிற்க வழிகண்டது பாபாவின் பெருமை. அவ்வழிக்கு ஆகும் விலை யாது, அதனைச் செலுத்துபவர் யாவர் என்று கேட்டவர்களும் நாட்டின்மீது அன்பு குன்றியவரல்லர். அரூரில் எரியும் விளக்கு இவ்விருவர்க்கும் கடன்பட்டுள்ளது. பெரியோரின் உழைப்பைப் போற்றுதலும், அவர்தம் கணக்கைச் சரிபார்த்தலும் ஒருங்கே கற்றவரே நாளைய நாட்டை நன்கு நடத்துவர்.