சங்கிலியால் நாடளந்த லாம்டன்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவன்

எங்கள் கரிசல் நிலம் பார்வைக்குத் தட்டையானது. ஆயினும், பெய்யும் மழை எப்பக்கம் ஓடும் என்பதை என் தந்தையார் கண்பார்வையிலேயே கணித்து வரப்பு போடுவார். பள்ளிக்கூடமே அறியாதவர் அவர். கண்ணுக்கெட்டாத நாட்டை அளப்பது எவ்வாறு? எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த நான், அதற்கு வழி காட்டிய வில்லியம் லாம்டனை இங்கே வந்துதான் அறிந்தேன்.

இங்கிலாந்தின் யார்க்ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர் லாம்டன். படை அதிகாரியாக இந்தியா வந்து, 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் பங்கு கொண்டார். ஆனால் அவர் உள்ளம் தோய்ந்தது கணிதத்திலேயாம். 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலை அருகே, 100 அடி எஃகுச் சங்கிலி கொண்டு ஏறக்குறைய ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால், முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம் அன்றோ! அவ்வாறு முக்கோணத்தின்மேல் முக்கோணமாகத் தென்னாடு முழுவதும் வலை பின்னினார்.

1808-இல் தஞ்சைக் கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி நெளிந்தது. லாம்டன் மனந்தளரவில்லை. கூடாரத்திற்குள் ஆறு வாரம் உழைத்துத் தாமே அதைச் சீராக்கினார். 1823 ஜனவரியில், பணியிலிருக்கும்போதே, ஹிங்கன்காட் என்னும் ஊரில் உயிர் நீத்தார். அவருக்குப்பின் பணியேற்ற எவரெஸ்டின் பெயர் சிகரத்திற்குக் கிடைத்தது. லாம்டனையோ உலகம் மறந்தது.

அளந்த புள்ளிகளைக் கொண்டு, அளக்காத இடத்தின் உயரத்தை மதிப்பிடுவதே இடைச்செருகல் கணிதம். இன்று கணிப்பொறி அவ்வாறே மலையின் வடிவத்தை அமைக்கிறது. சரிவு, நீரோட்டம், மண், மழை ஆகியவற்றைச் சேர்த்து நிலச்சரிவு அபாய வரைபடம் தயாராகிறது. அளந்த புள்ளிகள் குறைவானால், நடுவிலுள்ள ஓடைப்பள்ளம் வரைபடத்தில் மறைந்துபோகும். சேறும் பாறையும் இறங்கி வருவதோ பெரும்பாலும் அப்பள்ளத்தின் வழியேதான்!

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்ட லயன் வீடுகளில் உறங்கிய 70 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் கோவில்பட்டியை அடுத்த கயத்தாற்றுப் பக்கத்தைப் பூர்விகமாகக் கொண்டவர்கள். மழை பொய்த்த மண்ணிலிருந்து பிழைக்கப் போன குடும்பங்களை மழையே கொண்டுபோயிற்று. கரிசலின் வாட்டத்தைக் கண்டறியும் என் தந்தையாரின் கண், அந்த மலையின் அபாயத்தைக் கண்டிருக்குமா? கண்டிராது. அதற்கு அளவை வேண்டும்.

வீடு கட்டும் முன்பே மலையை அளந்து சொல்லும் கல்வியைக் கற்க விழைகிறேன். லாம்டனின் சங்கிலி நம் கைகளிலும் நீளட்டும்!